ஹாப்ஸ்பர்க் கதை – 14: ஏழு வாக்கு, இரண்டு டன் தங்கம்

1518ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் பேரரசர் மாக்சிமிலியன் பரிவாரத்தோடு இன்ஸ்ப்ருக் நகரத்துக்கு வந்து சேர்ந்தார். அவருக்கு மிகவும் பிடித்த ஊர் அது. ஆனால் விடுதிக்காரர்கள் அவருடைய ஆட்களுக்கு இடம் தர மறுத்துவிட்டார்கள். பழைய பாக்கியே இன்னும் வரவில்லை, முதலில் அதை எண்ணி வையுங்கள் என்றார்கள். பேரரசரின் வண்டிகளும் குதிரைகளும் இரவில் தெருவிலேயே நின்றன. மனம் நொந்து அங்கிருந்து கிளம்பியவர், வெல்ஸ் என்ற ஊரில் 1519 ஜனவரி 12 அன்று உயிரை விட்டார். பல ஆண்டுகளாகத் தன் சவப்பெட்டியைக் கையோடு கொண்டு திரிந்தவர் என்பதால் அந்த ஒரு செலவு மட்டும் மிச்சம்.

பிரான்சில் அரசன் கண்ணை மூடினால் அவன் வாரிசு அந்தக் கணமே அரசன். புனித ரோமப் பேரரசில் அப்படி இல்லை. ஜெர்மானிய நிலங்களும் அவற்றை ஒட்டிய பகுதிகளும் சேர்ந்த அந்தப் பேரரசின் அரியணைக்குச் சட்டப்படி வாரிசு கிடையாது. நடைமுறை வேறு. 1438 முதல் ஹாப்ஸ்பர்க் குடும்பத்து ஆண்களே ஒருவர் பின் ஒருவராக அதில் உட்கார்ந்து வந்தார்கள். என்றாலும் ஒவ்வொரு முறையும் ஏழு பேர் கூடி, ‘இவரே எங்கள் தலைவர்’ என்று சொல்லியாக வேண்டும். அந்த ஏழு பேரைத் தேர்வாளர்கள் என்று அழைப்போம்.

மூவர் மதகுருமார்கள்: மைன்ஸ், கொலோன், டிரியர் நகரங்களின் பேராயர்கள். நால்வர் நிலம் ஆளுபவர்கள்: போஹீமியாவின் அரசர், ரைன் பாலட்டினேட்டின் கோமான், சாக்சனியின் கோமகன், பிராண்டன்பர்க்கின் எல்லைக் கோமான். இந்த ஏழு பேரின் உரிமையை எழுத்தில் வைத்தது 1356இல் பேரரசர் நான்காம் கார்ல் வெளியிட்ட பொன் முத்திரைச் சாசனம். அதைப் படிக்கும்போது, எழுதியவர்கள் எத்தனை தேர்தல் தகராறுகளைக் கண்ணால் பார்த்து நொந்திருக்க வேண்டும் என்று தோன்றும். பேரரசர் இறந்த செய்தி எட்டிய ஒரு மாதத்துக்குள் மைன்ஸ் பேராயர் மற்ற அறுவருக்கும் அழைப்பு அனுப்ப வேண்டும். மூன்று மாதத்துக்குள் அவர்கள் ஃபிராங்க்ஃபர்ட்டில் கூட வேண்டும். ஒரு தேர்வாளர் 200 குதிரைக்காரர்களுக்கு மேல் ஊருக்குள் கூட்டி வரக் கூடாது. அவர்களில் ஆயுதம் தாங்கியவர்கள் 50 பேரைத் தாண்டக் கூடாது. தேர்தல் முடியும்வரை வெளியாட்களுக்கு ஊருக்குள் இடமில்லை. நான்கு வாக்கு கிடைத்தால் வெற்றி. தேர்வாளர் தனக்குத் தானே வாக்களித்துக்கொள்ளவும் தடை இல்லை. முப்பது நாளில் முடிவு எட்டாவிட்டால், அதன்பின் ஏழு பேருக்கும் ரொட்டியும் தண்ணீரும்தான் சாப்பாடு.

இன்னொரு விதியும் உண்டு. வாக்களிக்கும் முன் ஏழு பேரும் பலிபீடத்தின் முன் நின்று, எந்த ஒப்பந்தத்துக்கும் கூலிக்கும் விலைக்கும் வாக்குறுதிக்கும் கட்டுப்படாமல், மனசாட்சிப்படி பேரரசுக்கு ஏற்றவரைத் தேர்ந்தெடுப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும். 1519இலும் செய்தார்கள்.

மாக்சிமிலியனின் மகன் பிலிப் 1506இலேயே இறந்துவிட்டார். அதனால் கிழவரின் நம்பிக்கை முழுவதும் பேரன் சார்லஸ் மேல் இருந்தது. கென்ட் நகரில் பிறந்த பையன். 1516 முதல் ஸ்பெயினின் அரசன். நெதர்லாந்து, நேப்பிள்ஸ், சிசிலி, கடலுக்கு அப்பால் புதிதாகக் கண்டுபிடித்த தீவுகள் என்று ஆளும் நிலங்களின் பட்டியலைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். பேசியது பிரெஞ்சு. ஜெர்மன் சரியாக வராது. இந்தப் பையனுக்காகத் தாத்தா 1518 கோடையில் ஆக்ஸ்பர்க் பேரரசு மன்றத்தில் உட்கார்ந்து, ஐந்து தேர்வாளர்களிடம் பேரம் பேசி முடித்திருந்தார். மைன்ஸ், கொலோன், பாலட்டினேட், பிராண்டன்பர்க், போஹீமியா ஆகிய ஐவரும் சம்மதித்தார்கள். சாக்சனியும் டிரியரும் கைகொடுக்கவில்லை.

அங்கேயே ஒரு சட்டச் சிக்கலும் முளைத்தது. மாக்சிமிலியன் போப்பின் கையால் முடிசூட்டிக்கொண்டவர் அல்லர். 1508இல் டிரென்ட் நகரில், போப்பின் சம்மதத்தோடு, ‘தேர்ந்தெடுக்கப்பட்ட ரோமப் பேரரசர்’ என்று பட்டம் வைத்துக்கொண்டவர். பேரரசராகவே முழுமையாக முடிசூடாத ஒருவர் இருக்கும்போது அவருக்கு அடுத்தவரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேள்வி கிளப்பினார்கள். விவாதம் முடிவதற்குள் கிழவர் போய்ச் சேர்ந்தார். ஐந்து பேரின் வாக்குறுதியும் அவரோடு போயிற்று. இனி எல்லோரிடமும் மறுபடி முதலிலிருந்து பேச வேண்டும், அதுவும் புதிய விலைக்கு. ஏனென்றால் இப்போது கடையில் இன்னொரு வாடிக்கையாளரும் நின்றார்.

அவர் பிரான்சின் அரசர் முதலாம் பிரான்சுவா. வயது 24. நான்கு ஆண்டுகளுக்கு முன் மரிஞானோ போரில் சுவிஸ் படையை முறியடித்து மிலானைப் பிடித்தவர். போப் பத்தாம் லியோவின் ஆதரவு அவர் பக்கம் சாய்ந்தது. காரணம் பக்தி அல்ல, பூகோளம். தெற்கே நேப்பிள்ஸை வைத்திருப்பவரே வடக்கே பேரரசையும் பிடித்தால் நடுவில் ரோம் நசுங்கும். நேப்பிள்ஸின் அரசர் பேரரசராகக் கூடாது என்ற பழைய விதியை லியோ தூசி தட்டி எடுத்தார். இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றியும் களத்தில் இறங்கினார். தாமதமாகத் தூதர் ரிச்சர்ட் பேஸை அனுப்பினார், காசு அனுப்பவில்லை. ஆகவே அவரை இத்தோடு விட்டுவிடலாம்.

பிரான்சுவா பணத்துக்கு அஞ்சவில்லை. அரச நிலங்களை அடகு வைத்தார், பதவிகளை விற்றார். தளபதி போனிவே ரைன் நதிக்கரைக்கு வந்து பேரம் நடத்தினார். டிரியர் பேராயர் ரிச்சர்டின் நாடு பிரெஞ்சு எல்லைக்குப் பக்கம். அவர் பிரான்சுவா பக்கம் உறுதியாக நின்றார். பிராண்டன்பர்க்கின் யோவாக்கிமுக்குத் தன் மகனுக்குப் பிரெஞ்சு இளவரசி ரெனேயை முடித்துத் தருகிறோம் என்ற பேச்சு இனித்தது.

இந்தக் கல்யாணப் பேச்சில் கொஞ்சம் நிற்க வேண்டும். யோவாக்கிமின் அதே மகனுக்கு ஆக்ஸ்பர்க்கில் ஏற்கெனவே பெண் பேசி முடித்திருந்தார்கள். பெண், சார்லஸின் கடைசித் தங்கை கத்தரீனா. சீர்வரிசை 3,00,000 கில்டர் என்று எழுதியும் ஆயிற்று. யோவாக்கிம் பிரெஞ்சுப் பக்கம் நழுவியதும், சார்லஸின் ஆட்கள் அதே கத்தரீனாவைச் சாக்சனித் தேர்வாளரின் தம்பி மகன் யோஹான் பிரெடரிக்குக்குப் பேசினார்கள். அந்தப் பெண்ணுக்கு அப்போது வயது 12. ஸ்பெயினில், தோர்தேசியாஸ் அரண்மனையில், அடைத்து வைக்கப்பட்டிருந்த தாய் ஹுவானாவோடு இருந்தாள். வடக்கே ஒரு வாக்குக்கு ஒரு மாப்பிள்ளை என்று தன் பெயர் கைமாறியது அவள் காதுக்கு எப்போது எட்டியதோ! கடைசியில் இருவரில் ஒருவருக்கும் அவளைக் கொடுக்கவில்லை. 1525இல் போர்ச்சுகல் அரசருக்கு மனைவியானாள். சாக்சனிக்காரர்கள் அந்த அவமானத்தை எளிதில் மறக்கவில்லை.

இப்போது மைன்ஸுக்கு வருவோம். அழைப்பு அனுப்புபவரும் வாக்குகளைக் கேட்டு எண்ணுபவரும் அவர்தான். தான் கடைசியாக வாக்களிப்பார். மற்ற ஆறும் சமமாகப் பிரிந்து நின்றால் முடிவு அவர் கையில். அந்த இடத்தில் அப்போது இருந்தவர் ஆல்பிரெக்ட், பிராண்டன்பர்க் யோவாக்கிமின் தம்பி. ஏழு வாக்கில் இரண்டு ஒரே வீட்டில்! 1514இல் மைன்ஸ் பேராயராக வந்தபோது அவருக்கு வயது 23. சர்ச் விதிப்படி அந்தப் பதவிக்கு அது போதாது. போதாததற்கு மாக்டபர்க் பேராயர் பதவியையும் ஏற்கெனவே வைத்திருந்தார். வயதுக்கும் இரட்டைப் பதவிக்கும் ரோமில் விதிவிலக்கு வாங்க வேண்டியிருந்தது. அதற்குப் பணம் வேண்டியிருந்தது. பணத்தைக் கடன் கொடுத்தவர் ஆக்ஸ்பர்க்கின் யாக்கோப் ஃபுக்கர். அந்தக் கடனை அடைக்கத்தான் ஆல்பிரெக்ட் தன் ஆளுகைக்குள் பாவமன்னிப்புச் சீட்டு விற்க அனுமதி பெற்றார். வசூலில் பாதி ரோமின் புனித பேதுரு ஆலயத் திருப்பணிக்கு, பாதி ஃபுக்கருக்கு. சீட்டு விற்ற டெட்செல் என்ற துறவியோடு ஃபுக்கரின் குமாஸ்தாவும் ஊர் ஊராகப் போனார். இந்த வியாபாரத்தைக் கண்டு கொதித்து, 1517 அக்டோபர் 31 அன்று ஆல்பிரெக்ட்டுக்கே ஒரு கடிதமும் 95 வாதங்களும் அனுப்பிய விட்டன்பர்க் பேராசிரியர் லூதரைப் பற்றி முன்பே பார்த்தோம். ஐரோப்பாவைப் பிளந்த சண்டைக்கும் சார்லஸின் தேர்தலுக்கும் ஒரே ஆளின் கணக்குப் புத்தகம்தான் வேர் என்று சொன்னால் மிகை ஆகாது.

அந்தக் கணக்குக்காரரை அறிமுகம் செய்யத் தனி அத்தியாயம் வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபுக்கர் டிரோல் மலைகளின் வெள்ளிக்கும் ஹங்கேரியின் செம்புக்கும் ஏகபோக உரிமையாளர் போல இருந்தவர். 1505இல் போர்ச்சுகல் தளபதி அல்மெய்தாவின் கப்பல்கள் மலபார் மிளகுக்காகக் கொச்சிப் பக்கம் வந்தபோது, அந்தப் பயணத்தில் முதல் போட்ட ஜெர்மானிய வணிகர்களில் ஃபுக்கர் வீடும் வெல்சர் வீடும் உண்டு. நம் மேற்குக் கரையில் மிளகு வாங்க உதவிய முதல், அடுத்து ஜெர்மனியில் வாக்கு வாங்கவும் உதவியது.

சார்லஸின் தேர்தலுக்கு ஆன செலவு 8,51,918 கில்டர். கணக்கு இன்றும் இருக்கிறது. இதில் ஃபுக்கர் 5,43,585, வெல்சர்கள் 1,43,333, மீதி 1,65,000 ஜெனோவா, புளோரன்ஸ் வங்கிக்காரர்களுடையது. கில்டர் என்பது தங்க நாணயம். மொத்தத்தையும் உருக்கினால் இரண்டு டன்னுக்குக் கொஞ்சம் மேலே சுத்தத் தங்கம் தேறும். ஆல்பிரெக்ட்டின் பங்கு மட்டும் ஒரு லட்சத்தைத் தாண்டும். தேர்வாளர்களோடு நிற்கவில்லை, அவர்களின் ஆலோசகர்கள், எழுத்தர்கள் வரை பணம் பாய்ந்தது.

சார்லஸ் கிரீடத்தை விலைக்கு வாங்கினார், கதை முடிந்தது என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அது பாதிக் கதையாகவே படுகிறது. பிரான்சுவாவும் குறைவாகச் செலவழிக்கவில்லை. பணம் இரு பக்கமும் இருந்தால் பணமே முடிவைச் சொல்லிவிடாது. வித்தியாசம் பணம் கொடுத்த விதத்தில் இருந்தது. ஃபுக்கரிடம் கையெழுத்தும் முத்திரையும் வைத்த கடன் சீட்டுகள் இருந்தன. சார்லஸ் தேர்ந்தெடுக்கப்பட்டால் பணம், இல்லாவிட்டால் வெறும் காகிதம். தேர்வாளர்கள் ராஜாக்களின் வாக்கை நம்பவில்லை. ஃபுக்கரின் கையெழுத்தை நம்பினார்கள். அதே ஃபுக்கர் பிரெஞ்சு அரசருக்கு அந்த வசதியைச் செய்து தர முன்வரவில்லை. பிரான்சுவா நாணயமாகவே எல்லை கடத்த வேண்டியிருந்தது.

அடுத்து, பயம். மாக்சிமிலியன் இறந்த அதே மாதம், வூர்ட்டம்பர்க் கோமகன் உல்ரிக் பேரரசுக்கு நேரடியாக உட்பட்ட ராய்ட்லிங்கன் நகரத்தைப் பிடித்துக்கொண்டார். அவரைத் துரத்தச் சுவேபியக் கூட்டணி படை திரட்டியது. துரத்தியும் ஆயிற்று. கலைந்து போக வேண்டிய வீரர்களைக் கலைய விடாமல் சார்லஸின் ஆட்கள் சம்பளம் கொடுத்துத் தங்கள் வசம் வைத்துக்கொண்டார்கள். ஃபிரான்ஸ் வான் சிக்கிங்கன் போன்ற தளபதிகளின் கீழ் அந்தப் படை ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு அருகே வந்து முகாமிட்டது. சாசனத்தின்படி ஊருக்குள் 50 ஆயுதக்காரர்களுக்கு மேல் கூடாது. ஊருக்கு வெளியே எத்தனை பேர் என்று சாசனம் சொல்லவில்லையே! தவிர, பிரெஞ்சு அரசரை ஜெர்மானியர்களின் தலைவராக உட்கார வைத்தால் ஊர் மக்கள் சும்மா இருப்பார்களா என்ற அச்சமும் இருந்தது. சார்லஸுக்கு ஜெர்மன் வராவிட்டாலும் தாத்தா மாக்சிமிலியன் அல்லவா!

எழுவரில் ஒருவர் மட்டும் தனித்து நின்றார். சாக்சனியின் பிரெடரிக், ‘அறிஞர்’ என்ற பட்டப்பெயர் பெற்றவர். லூதர் வேலை பார்த்த விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தை 1502இல் நிறுவியவர். வாக்குக்கு வெளிப்படையாகக் கைநீட்டாதவர். மாக்சிமிலியன் வைத்துப்போன பழைய கடனைத் தீர்த்துக்கொண்டார் என்பது வேறு விஷயம். சார்லஸும் வேண்டாம், பிரான்சுவாவாலும் முடியாது என்று தெரிந்தபோது போப் லியோ இவரையே நிறுத்தப் பார்த்தார். அந்த மாதங்களில் லூதர் மீதான விசாரணையை ரோம் மெத்தனமாக நகர்த்தியதற்கு இதுவே காரணம். லூதரின் பாதுகாவலரைப் பகைத்துக்கொள்ள அப்போது யாருக்கும் மனமில்லை. சக தேர்வாளர்களும் பிரெடரிக்கிடம் கேட்டுப் பார்த்தார்கள். அவர் மறுத்துவிட்டார். சாக்சனியின் வருமானத்தை வைத்துக்கொண்டு பேரரசைக் கட்டி ஆள முடியாது என்பது அவருக்குத் தெரியும். இந்தத் தேர்தலில் தன் கையிருப்பை ஒழுங்காக எண்ணிப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

ஜூன் மாத நடுவில் அறுவர் ஃபிராங்க்ஃபர்ட்டில் கூடிவிட்டார்கள். போஹீமிய அரசர் லூயிக்கு வயது 12. அவருக்குப் பதில் தூதர் வந்தார். அந்தச் சிறுவனுக்குச் சார்லஸின் இன்னொரு தங்கை மேரியை ஏற்கெனவே நிச்சயம் செய்திருந்தார்கள் என்பதால் அந்த வாக்கு எங்கே போகும் என்று விளக்கத் தேவையில்லை. கடைசி நாட்களில் போப்பும் எதிர்ப்பைக் கைவிட்டார். ஜூன் 28, புனித பர்த்தலோமேயு ஆலயம். பூசை முடிந்தது, சத்தியம் செய்தார்கள், ஒட்டியிருந்த சின்ன அறைக்குள் போனார்கள். மைன்ஸ் ஆல்பிரெக்ட் ஒவ்வொருவரையும் கேட்டார். அன்றுதான் அவருக்கு 29 வயது நிறைந்தது. டிரியர் ரிச்சர்ட், பிராண்டன்பர்க் யோவாக்கிம் உட்பட எல்லோர் வாயிலும் ஒரே பெயர். ஏழுக்கு ஏழு, சார்லஸ்.

வென்றவர் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், பார்சலோனா பக்கம் இருந்தார். ஜூலை 6 அன்று செய்தி கிடைத்தது. குதிரை மாற்றிக் குதிரையாக அஞ்சல்காரர்கள் ஒன்பது நாளுக்குள் கொண்டு சேர்த்திருந்தார்கள்.

அதற்குள் ஃபிராங்க்ஃபர்ட்டில் இன்னொரு வேலையும் நடந்து முடிந்திருந்தது. என்னைக் கேட்டால் தேர்தலை விட முக்கியமானது அது. ஜூலை 3 அன்று சார்லஸின் தூதர்கள் அவர் பெயரால் ஒரு பத்திரத்தில் கையெழுத்திட்டார்கள். தேர்ந்தெடுக்கப்படுபவர் எழுதிக் கொடுக்கும் உறுதிப் பத்திரம். பேரரசுத் தேர்தலில் அதுவே முதல் தடவை. அயல் படையைத் தேர்வாளர்களின் சம்மதமின்றிப் பேரரசுக்குள் கொண்டு வர மாட்டேன். பேரரசின் பதவிகளை இந்த மண்ணில் பிறந்தவர்களுக்கே தருவேன். அரசு ஆவணங்கள் ஜெர்மனிலோ லத்தீனிலோ மட்டும் இருக்கும். பேரரசுக்கு வெளியே மன்றத்தைக் கூட்ட மாட்டேன். கிரீடத்தைப் பரம்பரைச் சொத்தாக்க முயல மாட்டேன். விசாரணை இன்றி எவரையும் சட்டத்துக்குப் புறம்பானவர் என்று அறிவிக்க மாட்டேன்.

தேர்வாளர்கள் வாங்கிய கில்டர்கள் சில ஆண்டுகளில் அரண்மனைச் செலவில் கரைந்து போயின. இந்தப் பத்திரம் கரையவில்லை. அதற்குப்பின் வந்த ஒவ்வொரு பேரரசரும், 1792இல் தேர்ந்தெடுக்கப்பட்ட கடைசிப் பேரரசர் இரண்டாம் பிரான்ஸ் வரை, இப்படி ஒன்றில் கையெழுத்திட்ட பிறகே கிரீடத்தைத் தொட முடிந்தது. ஒவ்வொரு முறையும் ஷரத்துகள் கூடின. ஹாப்ஸ்பர்க் குடும்பம் நடுவில் ஒரே ஒரு முறை, 1742இல், பவேரியாவின் கார்ல் ஆல்பிரெக்ட்டிடம் கிரீடத்தை இழந்தது. அவர் ஃபிராங்க்ஃபர்ட்டில் முடிசூடிய அதே நாட்களில் ஆஸ்திரியப் படை அவருடைய தலைநகரான மியூனிக்குக்குள் புகுந்தது. மற்றபடி அந்த வீட்டை விட்டு முடி போகவில்லை. இதைக் காட்டித் தேர்தலே வெறும் சடங்கு என்பார்கள். வென்றவர் யார் என்று மட்டும் பார்த்தால் சடங்குதான். வெல்வதற்காக ஒவ்வொருவரும் எதையெல்லாம் எழுதிக் கொடுத்தார்கள் என்று பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பிரெஞ்சு அரசர்களைப் போல ஜெர்மனியில் ஒரு பேரரசர் தன் விருப்பப்படி ஆள முடியாமல் போனதற்கு இந்தப் பத்திரங்களும் ஒரு காரணம்.

கடனைக் கட்டியவர் யார்? வாக்கே இல்லாதவர்கள். 1520 வசந்தத்தில் சார்லஸ் ஜெர்மனிக்குக் கப்பலேறும் முன், ஸ்பெயினின் காஸ்டில் நாட்டு மன்றத்தைச் சந்தியாகோவில் கூட்டி, பிறகு லா கொருஞாவுக்கு மாற்றி, பயணச் செலவுக்கு வரி கேட்டார். முந்தைய வரி பாக்கியே முழுதாக வசூலாகவில்லை. எங்கோ இருக்கும் ஒரு பேரரசுக்கு நாங்கள் ஏன் கட்ட வேண்டும் என்று தோலேதோ கலகத்தில் இறங்கியது. செகோவியாவில், வரிக்குச் சம்மதித்து ஊர் திரும்பிய பிரதிநிதியை மக்கள் கொன்றே விட்டார்கள். கலகம் ஊர் ஊராகப் பரவியது. 1521 ஏப்ரல் 23 அன்று வியலார் என்ற இடத்தில் அரசப் படை அதை முறித்தது. மறுநாள் தலைவர்கள் மூவரின் தலையும் உருண்டது.

ஃபுக்கர் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு பொறுமை தீர்ந்தது. 1523இல், உலகின் மிகப் பெரிய அரசருக்கு ஆக்ஸ்பர்க் வணிகர் கடிதம் எழுதினார். என் உதவி இல்லாமல் மாட்சிமை தங்கிய தாங்கள் ரோமக் கிரீடத்தை அடைந்திருக்க முடியாது என்பது ஊரறிந்த விஷயம் என்றும், நான் பிரெஞ்சுப் பக்கம் சாய்ந்திருந்தால் எனக்கு நிறையக் கிடைத்திருக்கும் என்றும், கொடுக்க வேண்டியதை வட்டியோடு கொடுத்துவிடுங்கள் என்றும் அதில் இருந்தது. சார்லஸ் கோபித்துக்கொள்ளவில்லை, கோபித்துக்கொள்ள வசதி இல்லை. ஸ்பெயினின் மூன்று பெரிய போர்வீரத் துறவிச் சங்கங்களின் நில வருமானத்தை ஃபுக்கர் வீட்டுக்குக் குத்தகைக்கு விட்டார். அல்மதேன் பாதரசச் சுரங்கமும் அதோடு சேர்ந்து போயிற்று.

1520 அக்டோபர் 23 அன்று ஆகன் நகர ஆலயத்தில் சார்லஸுக்கு முடிசூட்டு விழா நடந்தது. பத்து ஆண்டு கழித்து, 1530இல், தன் பிறந்த நாளான பிப்ரவரி 24 அன்று பொலோஞாவில் போப்பின் கையாலும் முடி சூடிக்கொண்டார். போப் முடிசூட்டிய கடைசிப் பேரரசர் அவரே. அதற்கு மூன்று ஆண்டு முன் அவருடைய சம்பளம் வராத படைவீரர்கள் ரோமையே சூறையாடியிருந்தார்கள். அதை அதற்குரிய இடத்தில் பார்ப்போம்.

அதற்கு முன்னால் வோர்ம்ஸ் நகரில் கூடிய பேரரசு மன்றம் இருக்கிறது. 1521 ஜனவரியில் போப் லூதரைச் சர்ச்சிலிருந்து விலக்கினார். வழக்கப்படி அடுத்த நாளே பேரரசரும் அவரைச் சட்டத்துக்குப் புறம்பானவர் என்று அறிவித்திருக்க வேண்டும். சாக்சனி பிரெடரிக் குறுக்கே வந்தார். விசாரணை இன்றி எவரையும் தண்டிக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே என்று கேட்டார். இருபத்தொரு வயதுப் பேரரசரால் மறுக்க முடியவில்லை. ஏப்ரல் 17 அன்று லூதர் அவர் முன்னால் வந்து நின்றதை அடுத்த வாரம் பார்ப்போம்.